கெலிங் என்ற சொல்

அன்புள்ள ஐயா,

ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகனைப் பள்ளியில் ஒரு பையன், இந்தியர்களை இழிவாக அழைக்கும் 'கெலிங்' என்ற சொல்லால் அழைத்திருக்கிறான். ஆசிரியரிடம் முறையிட்டேன். "கலிங்கத்திலிருந்து வந்த பழைய சரித்திரச் சொல்தானே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். என் தாத்தாவோ, விலங்கு பூட்டிக் கொண்டுவந்த தமிழ்க் கைதிகள் நடக்கையில் எழுந்த 'கிளிங் கிளிங்' சத்தமே நம் பெயராகிவிட்டது என்பார். எது உண்மை?

ஒரு வாசகர், கிள்ளான்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லின் பிறப்பு கலிங்கம்தான். சங்கிலிக் கதை காலக்கணக்குக்கு ஒத்துவரவில்லை. இந்தியக் கைதிகள் பினாங்குக்கு வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிங்கப்பூருக்கு 1825இல். ஆனால் 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பிரேஸ் தன் குறிப்புகளில் அப்போதே 'கெலின்' வணிகர்களைப் பற்றி எழுதிவிட்டார்.

அவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்து விற்ற பெருவணிகர்கள், பெரும்பாலும் தமிழர்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர், நைனா சாத்து என்ற கெலிங் வணிகரையே பெண்டாஹாரா என்ற உயர் பதவியில் நியமித்தார்கள். 1514இல் அந்தப் பதவியைப் பறித்துச் சுமத்திராவின் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, மானம் போனதைத் தாங்காமல் அவர் தீ மூட்டி அதில் இறங்கி உயிரை விட்டார். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவர் வகித்த பதவியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அதே சொல் ஏன் வசையானது? அதைக் கேட்டதும் கண்முன் வந்த ஆள் மாறிவிட்டார். 19ஆம் நூற்றாண்டில் கைதிகளும், பிறகு கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்திலும், ஆள்சேர்க்கும் கங்காணி வழியாகவும் ஆயிரமாயிரமாக ஏழைத் தமிழரும் வந்து இறங்கினார்கள். கடனிலும் தோட்டத்து லயன் வீடுகளிலும் அடைபட்டவர்களை அழைக்கும் வாயில் பழைய மரியாதை தங்கவில்லை. உங்கள் தாத்தாவின் கதை சொல்லாராய்ச்சியாகத் தேறாது. ஆனாலும் நான் அதைத் தள்ளிவிடமாட்டேன். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். விலங்கு பூட்டியது பொய்யல்ல. அந்தச் சொல் தங்கள் காதில் எப்படி விழுந்தது என்பதைத்தான் நம்மவர்கள் அந்தக் கதையில் வைத்துப் போனார்கள்.

ஆசிரியர் பிழை செய்தது இங்கேதான். பிறப்பு நல்லதென்றால் இன்றைய பொருளும் நல்லதாகிவிடுமா? ஆண்டாள் 'நாற்றத் துழாய்முடி நாராயணன்' என்று பாடியபோது நாற்றம் என்றால் நறுமணம். அதைக் காட்டி இன்று ஒருவரிடம் 'உங்கள் மேல் நாற்றம் வீசுகிறது' என்று சொல்ல முடியுமா? சிங்கப்பூரில் கிளிங் தெரு என்ற பெயரை அங்கிருந்த இந்தியர்கள் இழிவாக உணர்ந்தார்கள். 1920களின் தொடக்கத்தில் அது சூலியா தெரு ஆனது. இந்தோனேசியாவின் மேடான் நகரிலுள்ள கம்போங் கெலிங்கும் இன்று கம்போங் மெட்ராஸ்.

பள்ளிவாசலின் பெயர் மட்டும் அப்படியே இருக்கட்டும். அது ஒரு பதவியின் நினைவு, யாரையும் நோக்கி எறியப்பட்டதல்ல. உங்கள் மகன் மேல் எறியப்பட்டது வேறு. ஆசிரியரிடம் கலிங்கத்தைப் பற்றி வாதாட வேண்டாம். சொன்ன பையன் எந்தத் தொனியில், எதற்காகச் சொன்னான் என்று மட்டும் கேளுங்கள். தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நைனா சாத்துவின் கதையை மகனுக்குச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது புரியும்.

அன்புடன்.