மங்கலான படங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

கண் மருத்துவமனை நாட்களைப் பற்றி உங்கள் தளத்தில் நீங்கள் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். நான் மொரிசியஸில், காத்ர் போர்ன் நகரில் இருக்கிறேன், முதுகலை இரண்டாம் ஆண்டு. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் டீப் லேர்னிங் மாடல் ஒன்றை, அதாவது ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். 2015-இல் காகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில் ஒரு போட்டிக்காக வெளியிட்ட 35,126 படங்களைத்தான் எடுத்துக்கொண்டேன். மங்கலாகவும் இருட்டாகவும் இருந்தவற்றை ஒரு சின்ன நிரல் எழுதி நீக்கிவிட்டு, மீதியைக் கலைத்துப் போட்டு, எண்பது சதவீதத்தைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் வைத்தேன். பாதிப்பு உண்டா இல்லையா என்பதில் 94% துல்லியம் வந்தது. வழிகாட்டிக்கு மகிழ்ச்சி. எனக்குத்தான் ஏனோ நிறைவில்லை.

அமெரிக்காவில் எடுத்த படங்களில் பழகிய மாடல் நம் மொரிசியஸ் மக்களின் கண்ணுக்குச் சரியாக வருமா? இதை அறிவியல் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாமா, இல்லை என் அண்ணன் சொல்வதுபோல் வெறும் கணினி வேலைதானா? மேற்படிப்புக்குக் கணினித் துறைக்குப் போவதா, உயிரியலிலேயே இருப்பதா? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நேரம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். உன் கடிதம் வந்த வாரம் நான் இதையேதான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிடச் சின்னவள்.

கடைசிக் கேள்வியைத் தூக்கி ஓரமாக வை. கணினியா உயிரியலா என்று எழுத்தாளரிடம் கேட்டு முடிவெடுத்து உருப்பட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. முதல் கேள்விக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து யாரும் பதில் சொல்ல முடியாது. கேமரா மாறினால் படத்தின் நிறம் மாறும், ஆட்கள் மாறினால் விழித்திரையின் பின்னணி நிறமே மாறும், நம் ஊரிலோ இந்தியர், கிரியோல், சீனர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். இங்கே படம் எடுத்து, இங்கே உள்ள டாக்டர் நோய் எந்த நிலை என்று தரம் போட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். வளர்ந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள நாடு இது. புரட்டாசியில் மீனைத் தொடாதவர்கள்கூட பாயசத்தைத் தொடாமல் விடுவதில்லை. படத்துக்குப் பஞ்சமே வராது, கவலைப்படாதே.

உன் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். நான் பல ஆண்டுகள் விழித்திரை கேமராவின் பின்னால் உட்கார்ந்திருந்தவள். ஒளி பளிச்சென்று அடித்ததும் திரையில் ஓர் ஆரஞ்சு வட்டம் வரும், ஒரு பக்கமாக வெளிர்மஞ்சள் நிறத்தில் நரம்பு உள்ளே நுழையும் இடம், அங்கிருந்து கிளை விட்டுப் பரவும் ரத்தக் குழாய்கள். அதில் சிவப்புப் புள்ளி தெரிகிறதா, மஞ்சள் திட்டு படிந்திருக்கிறதா, புதிதாகக் குழாய் முளைத்திருக்கிறதா என்று பார்ப்போம். இந்தப் படம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று கேட்டால் நானும் முழிப்பேன், எனக்குச் சொல்லிக் கொடுத்த டாக்டரும் முழிப்பார். 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் 2,84,335 பேரின் தரவில் ஒரு மாடலைப் பழக்கினார்கள். ஆணின் படம் ஒன்று, பெண்ணின் படம் ஒன்று என்று அருகருகே வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை அது சரியாகப் பிரித்தது. வயதைச் சராசரியாக மூன்றேகால் வருடப் பிசகில் சொன்னது. புகை பிடிப்பவரா என்பதையும் ஓரளவு சொன்னது, ரத்த அழுத்தத்தையும் ஓரளவு சொன்னது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை வெளியிட்டதிலிருந்து எத்தனை தலைமுறை டாக்டர்கள் அதே இடத்தை உற்றுப் பார்த்திருப்பார்கள்! இது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அப்படியானால் அங்கே ஏதோ இருக்கிறது. அது எது, குழாயின் தடிமனா, வளைவா, நிறமா, ஏன் அப்படி என்று ஒருவர் தேடிப் போக வேண்டும். மாடல் அந்தத் தேடலைக் கிளப்பிவிட்டதோடு சரி. தேடுகிறவள் நீயாக இருந்தால் அது ஆராய்ச்சி, இதை அண்ணனிடம் சொல்.

ஆனால் இவ்வளவு கூர்மையாகப் பார்க்கும் ஒன்று நமக்கு வேண்டாததையும் அதே கூர்மையோடு பார்த்துத் தொலைக்கும். தோலில் உள்ள மச்சம் புற்றுநோயா இல்லையா என்று சொல்லும் ஒரு மாடலை 2019-இல் ஜெர்மனியில் சோதித்தார்கள். டாக்டர்கள் அறுவைக்கு அடையாளமாகப் பேனாவால் போடும் ஊதாக் கோடு படத்தில் இருந்தால், சாதாரண மச்சத்தையும் அது புற்று என்று சொல்லும் வாய்ப்பு ஏறியது. கோட்டையும் சேர்த்துப் படித்துவிட்டது, பாவம், அதற்கு யார் சொன்னார்கள் கோட்டைப் பார்க்காதே என்று.

இனிமேல் திட்டு. முதலில் உன் 94. அந்த 35,126 படங்களில் 25,810 படங்கள் பாதிப்பே இல்லாதவை. எதையுமே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் ஒரு முட்டாள் நிரலுக்கே 73% கிடைத்துவிடும். 94 என்பது அதற்கு மேல் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தாயா? பாதிப்பு உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, எத்தனை பேரை ‘போய் வாங்க’ என்று வீட்டுக்கு அனுப்பியது என்று தனியாகச் சொல்லாத சதவீதத்தை நான் ஏன் நம்ப வேண்டும்? அப்புறம் ‘கலைத்துப் போட்டு’ என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் இடக்கண் ஒன்று, வலக்கண் ஒன்று. கோப்பின் பெயரைப் பார்த்தாலே தெரியும். கலைத்துப் போட்டால் ஒருவரின் இடக்கண் பயிற்சிக்கும் வலக்கண் சோதனைக்கும் போய்விடும். ஒரே ஆளின் இரண்டு கண்ணும் பெரும்பாலும் ஒன்றுபோலவே கெட்டிருக்கும் என்பதால், முதல் நாளே வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் போன பிள்ளையின் மதிப்பெண் அது. ஆள்வாரியாகப் பிரி. 94 இறங்கும். இறங்கட்டும். இதையெல்லாம் உன் வழிகாட்டியும் கேட்டிருக்க வேண்டும், அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

இவை சின்ன விஷயங்கள், ஒரு மாலையில் சரி செய்துவிடலாம். என்னை உலுக்கியது நீ போகிற போக்கில் எழுதிய ஒரு சொல். ‘நீக்கிவிட்டு.’

எத்தனை படம் என்று எழுதவில்லை. ஏன் மங்கல் என்று கேட்கவில்லை. ஒரு சின்ன நிரல், ஒரு அளவுகோல், அதற்குக் கீழே இருந்ததெல்லாம் குப்பைக்கு. அந்தப் போட்டியை நடத்தியவர்களே படங்களில் ஃபோகஸ் தவறியிருக்கும், வெளிச்சம் கூடியோ குறைந்தோ இருக்கும், நிஜ உலகத் தரவு அப்படித்தான் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? அவர்கள் விட்டு வைத்ததை நீ துடைத்துவிட்டாய்.

ஒரு விழித்திரைப் படம் எப்போது மங்கலாக வரும் என்று கேமராவின் பின்னால் உட்கார்ந்தவளிடம் கேள். என் கை நடுங்கியிருக்கலாம், லென்ஸில் தூசி இருந்திருக்கலாம், அவை போகட்டும். வருபவருக்குக் கண்புரை இருந்தால் மங்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சீக்கிரமே வரும். கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டமான பாப்பா விரியாவிட்டால் ஓரமெல்லாம் இருட்டாகும், நெடுங்காலம் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தாலும் பாப்பா சரியாக விரியாது. தலையை அசைக்காமல் முகவாயை மேடையில் வைத்திருக்க முடியாத வயதானவர்களின் படம் கலங்கும். இவற்றையெல்லாம்விட மோசமானது ஒன்று உண்டு. கண்ணுக்குள்ளே புதிதாக முளைத்த குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருந்தால் விழித்திரையே தெரியாது, செங்கறுப்பாக ஒரு மூட்டம்தான் வரும். அதுதான் நோயின் கடைசிப் படி. உன் நிரலுக்கு அது ‘தரமில்லாத படம்’.

ஃபிளாக் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். வாழ்நாளெல்லாம் கரும்புக் காட்டில் வேலை செய்த கை, மேடையின் கைப்பிடியைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. தமிழில் தேவாரம் சொல்வார், பேசுவது கிரியோல்தான். நான் ‘பா பூஸே, பா பூஸே’, அசையாதீர்கள் என்று கிரியோலில் சொல்லிக்கொண்டே எடுத்தேன். இடக்கண் ஓரளவு வந்தது. வலக்கண் எத்தனை தடவை எடுத்தாலும் அந்தச் செங்கறுப்பு மூட்டம், கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. பக்கத்தில் இருந்த பயிற்சிப் பையன், கணக்கில் தரமில்லாத படம் கூடினால் மேலே கேள்வி வரும் என்று, அதை அழித்துவிட்டு இடக்கண்ணை மட்டும் அனுப்பலாமா என்று கேட்டான். நல்ல பையன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எண்ணிக்கை அவனை அப்படிக் கேட்க வைத்தது. அழிக்கவில்லை, அனுப்பினோம். டாக்டர் அன்றைக்கே அவரைக் கூப்பிட்டு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்தார், உள்ளே ரத்தம். பாட்டிக்கு வலியே இல்லை. ‘கொஞ்ச நாளாகப் புகை மாதிரி இருக்கிறது, வயசாகிறதல்லவா’ என்றார். அன்று வந்த கூட்டத்திலேயே உடனே கவனிக்க வேண்டிய படம் அது ஒன்றுதான், அதில் ஒரு ரத்தக் குழாய்கூடத் தெரியவில்லை.

இப்போது புரிகிறதா ஏன் கோபப்படுகிறேன் என்று? உன் தொகுப்பிலிருந்து போனவர்கள் குலுக்கலில் போனவர்கள் இல்லை. கிழவர்கள், நோய் முற்றியவர்கள், கண்புரைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் போயிருப்பார்கள். மிச்சம் இருக்கும் நல்ல கண்களில் மாடல் நன்றாகத்தான் மதிப்பெண் வாங்கும்.

தாய்லாந்தில் நடந்ததைப் படித்துப் பார். கூகுளின் அதே வகை மாடல், 2016-இல் 1,28,175 படங்களில் பழக்கப்பட்டது, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அதில் உண்டு, ஆய்வுக் கட்டுரையில் பிரமாதமான எண்கள். அதன் மேம்பட்ட வடிவத்தைத் தாய்லாந்தின் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று தள்ளிவிட்டது. 2020-இல் அந்த அறிக்கை வந்தது. இருட்டறை இல்லாத கிளினிக்குகள், ஒளி குறைந்த படங்கள், மாடல் ஏற்க மறுத்தால் நோயாளியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும், அவர் அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதை எழுதி வெளியிட்டார்களே, அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன். ஐந்தில் ஒன்று தள்ளப்பட்டது என்று ஊருக்குத் தெரிந்தது. உன் கட்டுரையில் அந்த வரியே இல்லை.

சரி, தெளிவான படத்திலாவது எதையும் இழக்கவில்லையா? அந்த 2016 ஆய்வில் விழித்திரை வட்டத்தை 299 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கித்தான் மாடலுக்குக் கொடுத்தார்கள். சாதாரணமாக எடுக்கும் 45 டிகிரிப் படம் விழித்திரையில் பன்னிரண்டு பதின்மூன்று மில்லிமீட்டரை அடக்கும் என்று வைத்துக்கொள், ஒரு பிக்சலுக்கு நாற்பது மைக்ரானுக்கு மேல் வரும், மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நோயின் முதல் அடையாளமான அந்தச் சிவப்புப் புள்ளி, நுண்குழாயின் வீக்கம், அதைவிடச் சின்னதாகவும் இருக்கும். 2018-இல் அதே குழு 779 பிக்சலுக்கு ஏற்றியது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. நீ எத்தனை பிக்சலில் ஓட்டினாய்? 224 என்று சொல்லப்போகிறாய், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், கணினி தாங்கவில்லை என்பார்கள். புரிகிறது. அப்படியே எழுது, மறைக்காதே.

இங்கிலாந்தின் சர்க்கரைக் கண் பரிசோதனைத் திட்டத்தில் தரம் போட முடியாத படம் வந்தால் அந்த ஆளை நேரில் கூப்பிட்டுக் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். ‘பார்க்க முடியவில்லை’ என்பதும் அங்கே ஒரு முடிவுதான், அதற்கு ஒரு வழி இருக்கிறது. உன் மாடலுக்கும் அந்த மூன்றாவது பதிலைக் கொடு. உண்டு, இல்லை, தெரியவில்லை, டாக்டரிடம் போங்கள்.

இதை நீ செய்ய முடியும், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். நிறைவில்லை என்று எழுதினாயே, 94 வந்த பிறகும் நிறைவில்லாமல் தூங்காத பெண்ணிடம்தான் இப்படிப் பேச முடியும். நீ நீக்கிய படங்களுக்கும் அந்தத் தொகுப்பில் தரம் போட்டிருக்கிறார்கள், அதைத் திறந்து பார்த்தாயா? 35,126-இல் கடைசி நிலையில் இருப்பவை வெறும் 708. புதுக் குழாய் முளைத்த கண்கள் அவை. உன் குப்பைக் கோப்புறையை இன்றைக்கே திறந்து அந்த 708-இல் எத்தனை அங்கே கிடக்கிறது என்று எண்ணி எழுது. எந்த மாடல், எத்தனை அடுக்கு என்பதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அம்மா