வலி நின்றாலும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் 43 வயதுக் கணவருக்கு ஒரு நள்ளிரவில் வலப்பக்க முதுகில், விலா எலும்புக்குக் கீழே வலி தொடங்கி, அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்கியிருக்கிறது; வாந்தியும் எடுத்திருக்கிறார். மருந்தகத்தில் வலிக்கு ஊசி போட்டுச் சிறுநீரைச் சோதித்த மருத்துவர், சிறுநீரகக் கல்லாக இருக்கலாம், ஸ்கேன் எடுங்கள் என்று கூறியிருக்கிறார். மறுநாளே வலி நின்றுவிட்டதால், கல் போய்விட்டது, ஸ்கேன் எதற்கு என்கிறார் கணவர். உறவினர்களின் யோசனைப்படி தேக்கா சந்தையில் வாழைத்தண்டு வாங்கிச் சாறு கொடுத்துவருகிறார் வாசகி, பாலை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் சென்னைக்குப் போகவும் சீட்டு எடுத்திருக்கிறார்கள். இனி என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

அவசியம் ஸ்கேன் எடுங்கள், பயணத்துக்கு முன்பே எடுங்கள் என்பதுதான் என் பதில்.

சிறுநீரகத்துக்குள் அசையாமல் இருக்கும் கல் பெரும்பாலும் வலிப்பதில்லை. அது நழுவி, சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குறுகிய குழாயில் இறங்கி அடைத்துக்கொள்ளும்போது, மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவதால்தான் அந்தத் தாங்க முடியாத வலி வருகிறது. அது விட்டுவிட்டு, அலையலையாக வரும். தசைப்பிடிப்பு என்றால் அசையாமல் படுத்தால் குறையும். கல் வலி உள்ளவர் எப்படிப் படுத்தாலும் நிலைகொள்ளாமல் எழுந்து நடப்பார். கல் கீழே இறங்க இறங்க வலியும் தொடையிடுக்கு, விரை என இடம் மாறும். சிறுநீர்ப்பையை நெருங்கும்போது அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். சிறுநீரில் இரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் இருக்கலாம், சிலருக்கு இல்லாமலும் போகலாம். இந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்தினாலும், வலப்பக்க வலியில் குடல்வால் அழற்சியையும், கருவுறும் வயதுப் பெண்களில் கருக்குழாயில் தங்கிய கருவையும், 60 வயதைத் தாண்டி முதன்முறையாக இப்படி வலிப்பவரிடம் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தையும் மருத்துவர் மனத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

வலி நிற்பதற்குக் காரணங்கள் பல. கல் சிறுநீர்ப்பைக்குள் விழுந்திருக்கலாம். ஆனால் கல் அதே இடத்தில் அடைத்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் சிறுநீர் சுரப்பதைக் குறைத்துக்கொண்டதாலும் அழுத்தம் தணிந்து வலி அடங்கியிருக்கலாம். ஊசி மருந்தும் அந்த அழுத்தத்தைத் தற்காலிகமாகக் குறைக்கக்கூடியதுதான். கல் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் நிலையில் வாரக்கணக்கில் விட்டுவைத்தால், எந்த வலியும் இல்லாமலேயே சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதடையக்கூடும். கல் வலி எனக்குத் தருகிற கவலையைவிட இந்த அமைதி தருகிற கவலை அதிகம். அல்ட்ராசவுண்டில் குழாயின் நடுப்பகுதிக் கற்கள் தவறிவிடலாம் என்பதால், சாயமருந்து செலுத்தாத சிடி ஸ்கேன் நம்பகமானது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அல்ட்ராசவுண்டில் தொடங்குவோம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு சென்றால் மருத்துவமனைச் சிறுநீரியல் பிரிவில் உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் சகோதரர்கள் செலவுக்கு அஞ்சி வலியை மறைக்க வேண்டாம். அவர்களுடைய மருத்துவச் செலவு அடிப்படையில் முதலாளியின் பொறுப்பு.

ஸ்கேனுக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும்போது காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், அந்த நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் இரத்தம் முழுவதும் பரவி உயிருக்கு ஆபத்தாகிவிடும். கிருமிக்கொல்லி மருந்து மட்டும் போதாது. உள்ளே ஸ்டென்ட் எனப்படும் மெல்லிய குழாயை வைத்தோ முதுகு வழியாகக் குழாய் செருகியோ தேங்கியதை வடித்தாக வேண்டும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்; தளர்ந்து, நினைவு தடுமாறினால் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழையுங்கள். சிறுநீரே வராவிட்டாலும், மாத்திரைகூட வயிற்றில் தங்காமல் வாந்தி தொடர்ந்தாலும், நோயாளிக்கு ஒரே சிறுநீரகம் இருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும் இதே அவசரம்தான்.

ஸ்கேனில் கல் தெரிந்தால், அதன் அளவும் இடமும் அடுத்த வழியைத் தீர்மானிக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவானவை பெரும்பாலும் தாமாகவே வெளியேறும். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலானவற்றில் ஏறக்குறைய பாதிதான் வெளியேறும். அதற்கும் பெரியவை அரிதாகவே. கிருமித் தொற்று இல்லாமல், வலி கட்டுக்குள் இருந்தால், நான்கு முதல் ஆறு வாரம் வரை கண்காணிப்போடு காத்திருக்கலாம். வலி மிகுந்த நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல் தள்ளப்பட்டுவிடும் என்பது சரியல்ல. அது வீக்கத்தையும் வாந்தியையும்தான் கூட்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் நன்றாக வேலை செய்யும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. குழாயைத் தளர்த்த டாம்சுலோசின் தரப்பட்டால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். உங்கள் கணவர் பட்டறையில் சாரத்தின் மீதோ ஏணியிலோ ஏறுபவர் என்றால் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லி, தேவையான மருத்துவ விடுப்பைப் பெறுங்கள். வீட்டில் ஒரு தேநீர் வடிகட்டியை இதற்கென ஒதுக்கி, அதில் சிறுநீரை வடித்து, கல் கிடைத்தால் மருத்துவரிடம் கொடுங்கள். கல்லின் வகை கால்சியம் ஆக்சலேட்டா, யூரிக் அமிலமா என்று தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்கும் வழியும் தெளிவாகும். யூரிக் அமிலக் கல்லை, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தாலேயே பல நேரம் கரைத்துவிட முடியும். கால்சியம் கல் அப்படிக் கரையாது.

வாழைத்தண்டுச் சாற்றை நீர் ஆகாரமாகக் குடிப்பதில் தவறில்லை. அது சிகிச்சையின் இடத்தைப் பிடிப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. பாலை நிறுத்தியதை மாற்றிக்கொள்ளுங்கள். கல்லில் கால்சியம் இருப்பதால் உணவில் கால்சியத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானதே என்றாலும், உண்மையில் பாலும் தயிரும், கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகின்றன. அவற்றை விட்டால் அந்த ஆக்சலேட் சிறுநீருக்குப் போய்ச் சேரும். பசலைக்கீரை, தண்டுக்கீரை, நட்சத்திரப் பழம் ஆகியவற்றில் ஆக்சலேட் அதிகம். அளவோடு, தயிர் சேர்த்து உண்ணலாம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. உண்மையில் குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், உணவங்காடியின் சூப், கிச்சாப் எல்லாம் சேர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி என்ற எல்லையை எளிதாகத் தாண்டிவிடுகின்றன. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் முக்கியம், அதிலும் துவாஸ் வெயிலில் உழைப்பவருக்கு. குடிக்கும் அளவைவிட, நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேறுகிறதா என்பதே கணக்கு. வியர்வையில் போவதை ஈடுகட்டிய பிறகே அது வரும். மனிதவள அமைச்சின் விதிப்படி, வெப்பத்தோடு ஈரப்பதம், வெயில், காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்தக் குறியீடு 32 பாகையை எட்டும்போது கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடமும், 33 பாகையில் 15 நிமிடமும் ஓய்வு தர வேண்டும். அந்த இடைவேளையைக் கோப்பிக்கு மட்டும் செலவிடாமல் தண்ணீருக்கும் பயன்படுத்தட்டும். உப்பிடாத எலுமிச்சைச் சாறும் நல்லது. அதிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்க உதவும்.

பயணத்தைப் பொறுத்தவரை, கல் குழாயில் இல்லை என்று ஸ்கேன் உறுதிசெய்தால் தாராளமாகச் செல்லுங்கள். இருந்தால், தேதியைத் தள்ளிவைக்கச் சொல்வேன்; சென்னைக்கு நான்கு மணி நேரப் பயணத்தின் நடுவில் வலி வந்தால் விமானத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒருவேளை ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்து ஊருக்குச் செல்ல நேர்ந்தால், அதை எடுக்க வேண்டிய தேதியை எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குள் திரும்பிவிடுங்கள். மாதக்கணக்கில் மறந்துவிடப்பட்ட ஸ்டென்ட் மீதே கல் படிந்து, அதை எடுப்பதே ஓர் அறுவை சிகிச்சையாகிவிடும்.