காலேஜ் கேட்டில் நிற்பவர்கள் கேட்டவை: செக்யூரிட்டி வேலை, கேள்வி பதில்

நெல்லை வட்டாரக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் காவல் வேலை பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் காவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்.

பேட்டையில் இருந்து: அண்ணாச்சி, சேர்ந்த அன்றைக்கே யூனிபார்மைக் கொடுத்து மெயின் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். பயிற்சி என்று ஒன்று உண்டா?

கண்டிப்பாக உண்டு தம்பி. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005-ம் வருஷச் சட்டப்படி, பயிற்சி முடிக்காதவரைக் காவலுக்கு நிறுத்தக் கூடாது. மத்திய அரசின் மாதிரி விதிகளில் வகுப்பு 100 மணி நேரம், களப்பயிற்சி 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாள் என்று இருக்கிறது. என்னைப் போல ராணுவத்தில், போலீசில் இருந்து வருகிறவர்களுக்கு அது 40 மணியும் 16 மணியும். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைச் சமாளிப்பது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது எல்லாம் அதில் வரும். ஹாஸ்டலில் தீப்பிடித்தால் முதலில் ஓடப்போவது நீங்கள்தான். தீயணைப்பான் சிலிண்டரைக் கையால் தொட்டே பார்க்காத ஒருவரை அங்கே நிறுத்துவது அவருக்கும் ஆபத்து, பிள்ளைகளுக்கும் ஆபத்து. சூப்பர்வைசரிடம் தயங்காமல் கேளுங்கள்.

தாழையூத்தில் இருந்து: மாசாமாசம் பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். கட்டுகிறார்களா என்று தெரியவில்லை.

முதலில் உங்கள் பி.எப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்குங்கள். அதில் பதிந்த போனில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் பி.எப். விவரம் மெசேஜாக வரும். மத்திய அரசின் உமாங் ஆப்பில் பாஸ்புக்கும் பார்க்கலாம். பி.எப்.பில் உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கும் 12. மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25, மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு இது உண்டு, குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கும். முதலாளி பங்கையும் சேர்த்து உங்கள் சம்பளத்திலேயே கழித்தால் அது சட்டவிரோதம். சம்பளச் சீட்டு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அதனால் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. ஏஜென்சி கட்டாமல் விட்டால் வேலை வாங்கும் நிறுவனமும் பொறுப்பு. புகாரை எழுத்தில் ஏஜென்சிக்குக் கொடுத்து, ஒரு நகலை நீங்கள் காவல் பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

சேரன்மகாதேவி அக்கா ஒருவர்: பெண்கள் விடுதி வாசலில் நாற்காலி போட விடமாட்டேன் என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கடை, நிறுவன ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. அதைச் சொல்லி மனு எழுதிக் கேளுங்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கினால் கண்காணிப்புதான் கெடும். கழிப்பறை வசதி இல்லையென்றால் அதையும் அதே மனுவில் எழுதுங்கள், கூச்சம் வேண்டாம்.

வள்ளியூரில் இருந்து: அட்டை கேட்டால் மாணவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

மேலே கை வைக்காதீர்கள், வண்டிச் சாவியைப் பிடுங்காதீர்கள். வண்டி எண்ணையும் நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதி மேலதிகாரியிடம் சொல்லுங்கள், போதும். ராகிங் கண்ணில் பட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம்: உடனே வார்டனுக்குத் தகவல். தேசிய உதவி எண் 1800-180-5522.

அம்பாசமுத்திரத்தில் இருந்து: நைட் ரவுண்ட்ஸில் பாம்பு பயம்.

டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் புதர்ப் பக்கம் போகாதீர்கள். இரண்டையும் ஏஜென்சியிடம் கேளுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடுங்கள்.