விழுகிறவரைப் பாருங்கள்: பெண்கள் ரெஸ்லிங் கேள்வி பதில்

போன ஞாயிறு கும்பகோணத்தில் எல்லாரும் சேர்ந்து பார்த்தது ஷிம்மர் என்ற பெண்கள் ரெஸ்லிங் கம்பெனியின் முதல் வீடியோ தொகுதி. 2005 நவம்பர் 6 அன்று அமெரிக்காவில், சிகாகோவை ஒட்டிய பெர்வின் என்ற ஊரில் படம்பிடித்தது. பெரிய கம்பெனி எதையும் சாராமல், முழுக்கப் பெண்களை வைத்தே டேவ் பிரசாக் தொடங்கிய நிகழ்ச்சி. கூட நின்று கட்டியவர் ரெஸ்லர் அலிசன் டேஞ்சர். கடைசி ஆட்டம் சாரா டெல் ரே, மெர்சிடிஸ் மார்ட்டினெஸ். 20 நிமிடக் கெடு முடிந்து டிரா. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில்.

பாபநாசம்: அக்கா, யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே பேசி வச்சதுதானே? எல்லாம் பொய்தானே?

முடிவு பேசி வைத்ததுதான் தம்பி. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் விழுகிற உடம்புக்கு அந்தப் பேச்சு தெரியாது. கீழே இருப்பது இரும்புச் சட்டம், மேலே மரப் பலகை, அதற்கு மேல் ஓர் அங்குலம் போல ஃபோம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அவ்வளவுதான்.

அதில் மல்லாந்து விழுவதை பம்ப் என்பார்கள். முதலில் முழங்காலை மடித்து உடம்பைத் தாழ்த்த வேண்டும். முகவாய்க்கட்டை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பலகையில் பட வேண்டும். கைகள் உடம்பிலிருந்து 45 டிகிரி விலகி, உள்ளங்கை கீழே பார்த்தபடி அறைய வேண்டும். படும் நொடியில் மூச்சை வெளியே விட வேண்டும். நமக்குக் கேட்கிற அந்தப் பெரிய சத்தம் பலகையும் உள்ளங்கையும் சேர்ந்து கொடுப்பது. பயந்துபோய்க் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும். முழங்கை முதலில் பட்டால் தோள் போகும். முகவாய் விலகினால் பின்மண்டை அடிபடும். இந்த மூன்றில் எதுவும் நடக்காமல் ஒரே ராத்திரியில் பத்திருபது தடவை விழுந்து எழுந்திருக்கிறார்கள். அடிக்கிறவரைப் பார்த்துக் கை தட்டுகிறோம். கண்ணை விழுகிறவர் மேல் வையுங்கள், வேலை அங்கேதான் நடக்கிறது.

இதை வைக்கோல் போரிலோ கொள்ளிட மணலிலோ பழகிப் பார்க்காதீர்கள். மணல் மெத்தென்று தெரியும், ஆனால் அது பலகை மாதிரி வளைந்து கொடுக்காது. தலை பட்டால் கழுத்து அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் மேலே வந்து அமுக்கும்.

திருவாரூர், பந்தல்காரர்: நாங்க பந்தல், மேடை போடுறவங்க. பொங்கலுக்கு ஒரு ரெஸ்லிங் காட்சி வைக்கணும்னு இளைஞர் மன்றத்துல கேக்குறாங்க. ரிங்கை நாங்களே போட்டுடலாமா?

போடலாம் அண்ணே. ஆனால் மேடைக்கு இருக்கிற கணக்கு இதற்கு ஆகாது. மேடை ஆடக் கூடாது, ரிங் கொஞ்சம் ஆடியே ஆக வேண்டும். ஆடாத தரை முதுகைத்தான் கேட்கும்.

சின்னக் கம்பெனிகள் 16 அல்லது 18 அடிச் சதுரம் போடுவார்கள். பெரிய கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ ரிங் 20 அடி. உங்களுக்கு 16 போதும். நான்கு மூலைக்கும் கனமான இரும்புத் தூண், பக்கத்துக்கு ஓர் உத்திரம், உள்ளே குறுக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் பலகையை ஆணி அடிக்காமல், இடைவெளி இல்லாமல் வரிசையாக அடுக்க வேண்டும். ஆணி அடித்தால் அதிர்வில் ஆணியின் தலை மேலே எழும்பும், முதல் ஆட்டத்திலேயே யாராவது முதுகைக் கிழித்துக்கொள்வார்கள். ஃபோம் இரண்டு மூன்று அங்குலம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அது தப்பு. கால் உள்ளே புதையும், திரும்பும்போது கணுக்கால் பிசகும். கேன்வாஸைச் சட்டத்துக்கு அடியில் கயிறு கோத்து முறுக்கிக் கட்டுங்கள். ஒரு சுருக்கம் இருந்தாலும் கால் கட்டைவிரல் அதில் மாட்டும்.

கயிறு மூன்று, மேல் கயிறு கேன்வாஸிலிருந்து 4 அடி போல. சில இடங்களில் நிஜக் கயிற்றில் டேப் சுற்றுவார்கள். பல இடங்களில் இரும்புக் கம்பியை ரப்பர் ஹோஸுக்குள் விட்டு டேப் சுற்றுவது வழக்கம். மூலையில் டர்ன்பக்கிள் (கயிற்றை இழுத்து இறுக்கும் திருகு) போட்டு முறுக்கும்போது ஒரே மூலையை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், தூண் உள்பக்கம் சாயும். கார் சக்கரத்துக்கு நட்டு முறுக்குவது போல எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஒருவர் நாலு பக்கமும் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து பார்த்துவிட வேண்டும். ஆட்டக்காரர்கள் ஓடி வந்து கயிற்றில் மோதும்போது ஒரு கையால் மேல் கயிற்றைப் பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கயிறு அறுந்தாலும் வெளியே போய் விழாமல் இருக்கத்தான் அந்தப் பிடி.

நம் ஊருக்கென்று இரண்டு சங்கதி. ஒன்று, வண்டல் மண். அறுவடை முடிந்த வயலில் தூணை அப்படியே நிறுத்தினால் ஒரு மூலை இறங்கும், பலகைக்கு நடுவே சந்து விழும். தூண் அடியில் அகலமான இரும்புத் தகடோ கனத்த பலகையோ போட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, தை மாசப் பனி. பொழுது சாய்ந்தால் கேன்வாஸ் நனைந்து வழுக்கும். ஆட்டம் தொடங்கும் வரை தார்பாலின் மூடியிருக்கட்டும், நடுநடுவே காய்ந்த துணியால் துடையுங்கள்.

ரிங் சரியாக வந்துவிட்டது என்பதற்காக ஊர்க் கபடிப் பிள்ளைகளை மேலே ஏற்றிவிடாதீர்கள். பயிற்சி பெற்றவர்கள் வந்தால் மட்டும் நடத்துங்கள். இல்லையென்றால் அந்தக் கோதா காலியாகவே கிடக்கட்டும்.

மயிலாடுதுறை: இது எல்லாமே செட்டப்தானே?

பாபநாசம் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மன்னார்குடி: அக்கா, எல்லாரும் இடது கை, இடது காலையே பிடிச்சு முறுக்குறாங்களே, கவனிச்சீங்களா?

இதைக் கவனித்த கண்ணுக்கு ஒரு வணக்கம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இடது பக்கத்தில் வேலை செய்வது மரபு. மெக்சிகோவில் வலது பக்கம். முன்பின் சந்திக்காத இரண்டு பேர் அன்று சாயங்காலம்தான் கைகுலுக்கிவிட்டு ராத்திரி ரிங் ஏறுவார்கள். எந்தக் கை வரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் மூட்டு பிசகாது.

நமக்கும் இதில் லாபம் உண்டு. முதல் ஐந்து நிமிடத்தில் யாருடைய இடது முழங்கால் அடி வாங்கியது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து அவர் எதிராளியைத் தூக்கும்போது அந்தக் கால் தளர்கிறதா என்று பாருங்கள். தளர்ந்தால் நல்ல ஆட்டக்காரர். அடி வாங்கினதே மறந்துபோய்க் குதித்து ஓடினால், முன்னே செய்த வேலை எல்லாம் வீண்.

நன்னிலம்: இந்த வருஷம் ரெஸில்மேனியாவில் யாருக்கு பெல்ட்?

அது டபிள்யூடபிள்யூஇ நடத்துவது, வேறு கடை. இங்கே சிறு கம்பெனிப் பெண்கள் ஆட்டம் மட்டும்.

நாகப்பட்டினம்: நேரலையில் பார்க்கணும்னா நம்ம நேரம் என்ன?

சிகாகோவில் இரவு 7 மணி என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே பகல் 12 என்றால் இங்கே காலை 8.30.

திருவையாறு: 20 நிமிஷம் உக்கார வச்சு, கடைசியில மணி அடிச்சு டிரான்னுட்டாங்க. இது பார்க்கிறவங்களை ஏமாத்துறது இல்லையா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது முதல் நாள். பட்டமே கிடையாது. அன்றைக்கு ஒருவரைத் தோற்கடித்திருந்தால் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆள்தான் மிஞ்சியிருப்பார். டிரா ஆனதால் இரண்டு பேர் மிஞ்சினார்கள். 2007 ஜூன் 2 அன்று லேசி என்ற ரெஸ்லரை வீழ்த்தி முதல் ஷிம்மர் சாம்பியன் ஆனவர் டெல் ரே. மார்ட்டினெஸும் பின்னாளில் அதே பட்டத்தை வென்றார். அதற்கெல்லாம் விதை போட்டது அந்த 20 நிமிடம்.

பட்டுக்கோட்டை: திருவையாறு சொல்றதுதான் சரி. முடிவு இல்லாத ஆட்டத்தை யார் பார்ப்பா?

1995 மே 7, டோக்கியோ கொராகுவென் ஹால். மனாமி டொயோட்டாவும் கியோகோ இனோவேயும் 60 நிமிடம் முழுசாக ஆடி டிரா செய்தார்கள். முப்பது வருஷம் கடந்துவிட்டது. பெண்கள் ரெஸ்லிங்கின் தலைசிறந்த ஆட்டங்களைப் பேசுகிறவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

நீடாமங்கலம்: அக்கா, நான் தவில் கேட்டு வளர்ந்தவன். கடைசி அஞ்சு நிமிஷம் எனக்குத் தனியில வர்ற குறைப்பு மாதிரி இருந்துச்சு. சரிதானா?

நீடாமங்கலத்திலிருந்து தவில் கணக்கு வராமல் வேறு எங்கிருந்து வரும்! நூற்றுக்கு நூறு சரி. இரண்டு தவில்காரர்கள் முதலில் நீளமாக வாசித்து மாற்றிக்கொள்வார்கள். பிறகு அதில் பாதி, அதிலும் பாதி என்று சுருங்கி, கடைசியில் இருவரும் சேர்ந்து, வாசிப்பை முடித்து வைக்கிற மோராவுக்கும் கோர்வைக்கும் போவார்கள். கெடு வைத்த ஆட்டத்தின் கட்டுமானமும் இதுதான். முதல் பத்து நிமிடம் பிடி நீளமாக இருக்கும், மூச்சு வாங்க இடம் இருக்கும். ஐந்து நிமிடம் பாக்கி என்று அறிவிப்பு வந்ததும் ஒருவர் கை ஓங்குகிற நேரம் சுருங்கும். ஒரு நிமிடம் என்பது அரை நிமிடமாகும், அப்புறம் ஒரு அடிக்கு ஒரு அடி. தோள் இரண்டும் தரையில் பட்டு நடுவர் எண்ணத் தொடங்குவார், மூன்று எண்ணிவிட்டால் தோல்வி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தோள் எழும்பும். அடுத்த எண்ணிக்கைக்கான இடைவெளி முன்னதைவிடக் குறையும்.

திருவையாறு: குறைப்பு எல்லாம் சரி. ஆனா கோர்வை சமத்துல வந்து விழுந்தாத்தான் கை தட்டுவோம். டிராவுல சமம் எங்க இருக்கு?

நல்ல கேள்வி. நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தாளம் தொடங்குகிற இடம் சமம் என்றால், இங்கே மணிதான் சமம். அந்த நொடியில் ஒருவர் மற்றவரை அமுக்கிப் பிடித்து நடுவர் இரண்டு எண்ணியிருந்தால், அல்லது பூட்டுப் பிடியில் மாட்டியவர் விடுபடுவதற்காகக் கயிற்றை எட்ட விரல் நீட்டிக்கொண்டிருந்தால், கோர்வை சமத்தில் விழுந்துவிட்டது என்று பொருள். இரண்டு பேரும் களைத்துப்போய் மல்லாந்து கிடக்கும்போது மணி அடித்தால் தாளம் தப்பிவிட்டது, அப்போது உங்கள் கோபம் நியாயம். டிராவை அளக்க ஒரே கேள்விதான்: கடைசி நிமிடத்தில் யாராவது ஜெயிக்கப் பார்த்தார்களா? தொகுதியை அந்தக் கண்ணோடு இன்னொரு தடவை பாருங்கள். அப்புறமும் ஏமாற்றம் என்றால் வாருங்கள், பேசுவோம்.

மன்னார்குடி: கபடியில டை ஆனா இதே பட்டுக்கோட்டைக்காரங்க எழுந்து நின்னு கை தட்டுறாங்க!

அதை நானும் கேட்கலாம் என்றிருந்தேன்.

பட்டுக்கோட்டை: கபடி நிஜம், இது பேசி வச்சது.

பேசி வைத்தது என்பதால்தான் வேலை கூடுகிறது. கபடியில் 32-32 தானாக அமையும். இங்கே இருபது நிமிடத்தைக் கடிகாரம் பார்க்காமல் உடம்பால் அளந்து, மூச்சைப் பங்கிட்டு, மணி அடிக்கிற நொடியில் சரியான இடத்தில் இருக்க வேண்டும். நடுவர் காதோரம் நேரம் சொல்லிக்கொண்டே இருப்பார், அவருக்கு அது முக்கியமான வேலை. ஷிம்மரில் ஒரே நாளில் இரண்டு தொகுதி படம்பிடித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதியில் இருபது நிமிடம் ஆடியவர் அன்றைக்கே இரண்டாவதிலும் ரிங் ஏற வேண்டியிருந்திருக்கலாம்.

சீர்காழி: எல்லாம் நடிப்பு. அடி படவே படாது.

மூன்றாவது தடவை. பதில் மேலே இருக்கிறது, படித்துவிட்டு வந்து கேளுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

திருத்துறைப்பூண்டி: நிஜமாவே அடிபட்டுடுச்சுன்னா நமக்கு எப்படித் தெரியும்?

நடுவரின் கையைப் பாருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்தால் நிஜக் காயம், உதவி வேண்டும் என்று அர்த்தம். அதற்கு முன்பே தெரிந்துவிடும். விழுந்தவரின் கையை நடுவர் பிடித்துப் பார்ப்பார், பதிலுக்கு ஓர் அழுத்தம் வந்தால் சரி. வராவிட்டால் ஆட்டம் நிற்க வேண்டும். தலையில் அடிபட்டவரை 'ஒன்றுமில்லை, ஆடு' என்று எழுப்பிவிடுகிற இடத்துக்கு நாம் காசு கொடுக்கக் கூடாது.

தஞ்சாவூர்: நம்ம நாட்டுல பெண்கள் யாரும் இல்லையா?

ஹமீதா பானு. 1954ல் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 வினாடியில் வீழ்த்திய குஸ்திக்காரர். அவர் பெயர் ஊரெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், ரொம்ப நாள் மறந்தே போனோம். இந்தக் காலத்தில் ஹரியானாவின் கவிதா தேவி. பளுதூக்கலிலிருந்து வந்து, ஜலந்தரில் ரெஸ்லர் கிரேட் காலியிடம் பழகி, 2017ல் சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டே டபிள்யூடபிள்யூஇ நடத்திய மே யங் கிளாசிக் என்ற பெண்கள் போட்டியில் ரிங் ஏறினார்.

பட்டுக்கோட்டை, கல்லூரி மாணவி: அக்கா, எனக்குக் கத்துக்கணும். டெல்டாவுல எங்கே தொடங்குறது?

ஜூடோவில் தொடங்கு தங்கச்சி. ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான். தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்குப் போய்ப் பக்கத்தில் எங்கே பயிற்சி இருக்கிறது என்று கேள். ஆறு மாதம் விழ மட்டும் கற்றுக்கொள். கூடவே கழுத்துக்கும் தொடைக்கும் வலு சேர்க்கும் பயிற்சி. ரிங் இல்லாமலேயே ரெஸ்லிங்கும் நடக்கும். ஜப்பான் ரெஸ்லர் எமி சகுராவின் சோகோப்ரோ நிகழ்ச்சி 2020லிருந்து டோக்கியோவில் ஒரு சின்ன அறையில், தரையில் விரித்த மேட் மேல் நடக்கிறது, யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதில் பார்த்ததை அறையைப் பூட்டிக்கொண்டு செய்து பார்க்காதே. அங்கே ஒவ்வொருவரும் வருஷக்கணக்கில் பழகியவர்கள்.

வலங்கைமான், ஒரு அம்மா: என் மகளுக்கு ஒன்பது வயசு. தம்பியைத் தூக்கிக் கட்டில்ல போடுறா. திட்டினா அழறா. என்ன செய்யுறது?

திட்ட வேண்டாம் அம்மா, ஆனால் தூக்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். கட்டில் விளிம்பு, தம்பியின் கழுத்து, இரண்டையும் நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. தலை கீழாகப் போகிற எதுவும் கூடாது. யாரையும் தரையிலிருந்து தூக்கக் கூடாது. பதிலுக்கு ஒன்று கொடுங்கள். கூடத்தில் பாய் விரித்து, குந்தி உட்காரச் சொல்லி, முகவாய்க்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வையுங்கள். அது கீழே விழாமல் மெதுவாகப் பின்னால் உருண்டு, அப்படியே முன்னால் வந்து எழுந்திருக்கட்டும். பத்து தடவை. ஒரு மாதம் கைக்குட்டை விழாமல் செய்துவிட்டால் ஜூடோ வகுப்புக்கு அழைத்துப் போங்கள்.