பக்கத்துத் தெரு ஜப்பானியப் பல் டாக்டரிடம் ஆங்கிலத்தை நம்பிப் போகலாமா?

கேள்வி: கவாசாகிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஜப்பானிய மொழி தெரியாது, ஆங்கிலம்தான். ஒரு வாரமாகக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. தெருமுனையிலேயே ஒரு பல் கிளினிக் இருக்கிறது. அங்கே போகலாமா, டோக்கியோவில் ஆங்கிலம் பேசும் டாக்டரைத் தேடிப் போகவா?

பதில்: தெருமுனைக் கிளினிக்குக்கே போங்கள், இந்த வாரமே. இன்றைக்குத் தண்ணீர் பட்டால் மட்டும் கூசுகிற பல், தள்ளிப்போட்டால் ராத்திரியில் தானாகவே வலிக்க ஆரம்பிக்கலாம். அப்புறம் அடைப்பதோடு நிற்காது, வேர் சிகிச்சை வரைக்கும் போகும்.

டோக்கியோவில் ஆங்கிலம் பேசும் கிளினிக்குகள் பல, ஜப்பானிய அரசுக் காப்பீட்டை ஏற்பதில்லை. முழுப் பணமும் உங்கள் கையிலிருந்து போகும். தெருமுனைக் கிளினிக்கில் காப்பீடு இருந்தால் 30 சதவீதம் மட்டும் கட்டினால் போதும். எக்ஸ்ரேயும் சேர்த்து முதல் தடவைக்குப் பெரும்பாலும் 3,000, 4,000 யென் ஆகும். பல இடங்களில் ரொக்கம்தான் வாங்குவார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு மைநம்பர் கார்டு (அரசு தரும் அடையாள எண் அட்டை) அல்லது அதற்குப் பதிலாகத் தரப்படும் தகுதிச் சான்று வேண்டும். பழைய காப்பீட்டு அட்டையைப் புதிதாகக் கொடுப்பதை 2024 டிசம்பர் 2-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள்.

போனில் பேசி நேரம் வாங்க முயல வேண்டாம், அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நேரில் போய், மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிய நாலு வரியைக் கவுண்டரில் காட்டுங்கள். வாசலில் செருப்பை மாற்றச் சொல்லும் இடங்களும் உண்டு. அப்புறம் உங்கள் வலி, உடல்நிலை பற்றிக் கேட்கும் ஒரு படிவம் தருவார்கள், பெயர் மொன்ஷின்ஹ்யோ. உங்கள் கனகாவா மாகாணத்தின் சர்வதேச அறக்கட்டளை பல மொழிகளில் இதைத் தயாரித்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஆங்கிலமும் ஜப்பானியமும் சேர்ந்தே இருக்கும். பல் மருத்துவத்துக்கென்று தனிப் படிவமும் உண்டு. வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போங்கள்.

படிவத்தில் இரண்டு கேள்விகளில் கவனம் வேண்டும். வலிக்கிற பல்லை மட்டும் பார்க்கவா, எல்லாப் பல்லையும் பார்க்கவா என்பது ஒன்று. காப்பீட்டுக்குள் வரும் சிகிச்சை போதுமா, வெளியே உள்ளதும் சம்மதமா என்பது இன்னொன்று. செராமிக் மூடி காப்பீட்டில் வராது, ஒரு பல்லுக்கே ஒரு லட்சம் யென்னை ஒட்டி ஆகலாம். உங்களுக்கு அது வேண்டாமென்றால் "ஹொகென் தே ஒனேகாய்ஷிமாஸு" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். காப்பீட்டிலேயே செய்யுங்கள் என்று அர்த்தம்.

வலியைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழ் நன்றாக உதவும் என்பதை மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போய் உட்கார்ந்த நாட்களில்தான் கவனித்தேன். ஜப்பானியரும் நம்மைப் போலவே பெரும்பாலும் இரட்டைச் சொற்களில்தான் வலியைச் சொல்கிறார்கள். விண்விண்ணென்று தெறித்தால் 'ஸுகிஸுகி'. பல் கூசினால் 'ஷிமிரு', உங்களுக்கு வேண்டிய சொல் இதுதான். பல் ஆடினால் 'குராகுரா'. அடைத்து முடித்ததும் மெல்லிய கலர் தாளைப் பல்லிடுக்கில் வைத்து 'கச்சிகச்சி' என்பார்கள், டக்டக்கென்று கடிக்க வேண்டும். 'கிரிகிரி' என்றால் நறநறவென்று அரைக்க வேண்டும். மரத்துப்போகப் போடும் ஊசி 'மஸுய்'. முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் 'அரெருகீ' என்று சொல்லி மருந்தின் பெயரை எழுதிக் காட்டுங்கள்.

நாற்காலியைச் சாய்த்ததும் கண்ணின் மேல் ஒரு துண்டைப் போடுவார்கள். வெளிச்சமும் தண்ணீரும் படாமலிருக்கத்தான், பயப்பட வேண்டாம். வாயில் கருவி இருக்கும்போது செயலி எதற்கும் உதவாது. வலித்தால் இடது கையைத் தூக்குவது இங்கே எல்லா டாக்டருக்கும் பழக்கமான சைகை. ஆரம்பிக்கும் முன்பே தூக்கிக் காட்டி, புரிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் பலர் மனத்தாங்கலோடு திரும்புவது மொழியால் அல்ல. ஒரு தம்பி பல் சுத்தம் செய்யப் போனார். அன்றைக்கு ஈறைக் குத்திக் குத்தி அளந்துவிட்டு, அடுத்த வாரம் கீழ்வரிசை, அதற்கடுத்த வாரம் மேல்வரிசை என்றார்கள். பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று கோபப்பட்டார். அது ஏமாற்று வேலை இல்லை. காப்பீட்டில் சுத்தம் செய்வது ஈறு நோய்க்கான சிகிச்சையாகத்தான் கணக்காகும், அதனால் பரிசோதனை முதலில் வந்தாக வேண்டும். ஒரு தடவைக்கு அரைமணி நேரம்தான் என்பதும் இங்கே வழக்கம். அளக்கும்போது உதவியாளர் "நி, நி, சான், யோன்" என்று சொல்லிக்கொண்டே போவார். இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு என்று ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம், மில்லிமீட்டரில். மூன்று வரை சரி. நான்கும் அதற்கு மேலும் காதில் விழுந்தால் எந்தப் பல் என்று கேளுங்கள்.

உங்கள் பல்லுக்கும் இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கலாம். கிளம்பும்போது ஷின்ஸாட்ஸுகென் என்ற சின்ன அட்டை தருவார்கள். அடுத்த தேதியைப் பெரும்பாலும் அதிலேயே எழுதித் தருவார்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்: குடும்பத்தின் வருட மருத்துவச் செலவு 1,00,000 யென்னைத் தாண்டினால் வருமான வரியில் கழிவு கேட்கலாம், பல் செலவும் அதில் சேரும்.