செம்பூர் சகோதரிக்கு: ஒரு காது போதுமா?

வணக்கம் சகோதரி. மூன்றாம் வகுப்பு மகளுக்கு வலது காது கேட்கவில்லை, டாக்டர் ஒரு காது போதும் என்கிறார், டீச்சரோ கவனமே இல்லை என்கிறார், காது கேட்கும் கருவி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரு காது போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். 1980களில் அமெரிக்காவில் பெஸ், தார்ப் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆய்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளில் சுமார் 35 சதவீதம் பேர் ஒரு வகுப்பையாவது திரும்பப் படித்திருந்தார்கள். அது கவனக்குறைவு இல்லை. இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்க மூளைக்கு இரண்டு காதும் வேண்டும். ஃபேன் சத்தம், ரோட்டு ஹாரன், ஐம்பது பிள்ளைகள்! மத்தியானத்துக்குள் களைத்துப்போவாள், பாவம்.

முதலில் ஆடியோகிராம், அதாவது எந்தக் காதில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனைப் படம், பாருங்கள். வலது காதில் கொஞ்சம் கேட்கும் என்றால் சாதாரண கருவியே உதவலாம். சுத்தமாக இல்லையென்றால் கிராஸ் கருவியைச் சொல்வார்கள். அது வலப்பக்கச் சத்தத்தை இடது காதுக்கு அனுப்பும். ஆனால் வகுப்பில் அந்தப் பக்கத்து இரைச்சலையும் சேர்த்து நல்ல காதில் கொட்டும். எட்டு வயதுக் குழந்தை அதைச் சமாளிப்பது கஷ்டம். அதனால் ரிமோட் மைக் பற்றி முதலில் கேளுங்கள். டீச்சர் சட்டையில் மாட்டிக்கொண்டால் அவர் குரல் நேராக நல்ல காதுக்கு வரும்.

மும்பையிலேயே பாந்த்ராவில் காது கேளாமை, பேச்சுக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் அலி யாவர் ஜங் நிறுவனம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள். அப்புறம், நாளைக்கே டீச்சரிடம் சொல்லி முன்வரிசையில் வலது ஓரம் உட்கார வையுங்கள். இடது காது டீச்சர் பக்கம் இருக்கும்.