மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் இலையைத் தின்பது எந்தப் புழு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை நம்பாதீர்கள். படைப்புழு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும், கறுத்தும் கிடக்கும். மருந்துக் கடையில் போய் "பச்சைப் புழு" என்றால் கையில் இருக்கும் மருந்தைத்தான் கொடுப்பார்கள்.

முதலில் காலை எண்ணுங்கள். மார்பை ஒட்டிய மூன்று ஜோடியை விட்டுவிட்டு, பின்னாலுள்ள சதைக்கால்கள் மட்டும். ஐந்து ஜோடி என்றால் படைப்புழு, புரோடீனியா (புகையிலை வெட்டுப்புழு), காய்ப்புழு வகையறா. குறைவாக இருந்து உடம்பை வளைத்து வளைத்து நடந்தால் காவடிப்புழு. ஆறு ஜோடிக்குக் குறையாமல் இருந்தால் அது அந்துப்பூச்சியின் புழுவே அல்ல. கடுகிலும் முள்ளங்கியிலும் வரும் கருநிறப் புழு அப்படித்தான், குளவிக்கு உறவான பூச்சியின் புழு. அதற்கு, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கென விற்கும் பி.டி. என்ற பாக்டீரியா மருந்தை அடித்தால் காசுதான் வீண்.

மக்காச்சோளத்தில் குருத்தை விரித்துப் பாருங்கள். ஈர மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்திருந்து, இலையில் தாறுமாறாகக் கிழிசல் இருந்தால் படைப்புழு. இலையின் குறுக்கே வரிசையாகச் சின்னத் துளைகள் என்றால் தண்டுத்துளைப்பான்: சுருண்ட குருத்தில் போட்ட ஒரே துளை, இலை விரிந்ததும் வரிசையாகத் தெரியும். படைப்புழுவை உறுதிசெய்ய, தலையில் தலைகீழ் ஒய் கோடும் வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒய் மட்டும் போதாது, வேறு புழுக்களிலும் மங்கலாகத் தெரியும். ஒரு செ.மீ.க்கும் சிறிய புழுவில் இரண்டுமே பிடிபடாது. டப்பாவில் இளங்குருத்துப் போட்டு இரண்டு மூன்று நாள் வளர்த்துப் பாருங்கள். டப்பாவுக்கு ஒன்றுதான்; சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நிலக்கடலையில் இலை சல்லடையாகி, பகலில் புழுவே கண்ணில் படாவிட்டால் புரோடீனியா என்று சந்தேகப்படலாம். செடியடி மண்ணை விரலால் கிளறுங்கள், அல்லது இருட்டிய பிறகு டார்ச்சோடு போங்கள். வரப்பில் ஆமணக்கு இருந்தால் அதை முதலில் புரட்டிப் பாருங்கள். பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியலோ, பச்சையம் சுரண்டப்பட்டுக் கண்ணாடியாகிப்போன இலையோ அங்கே கிடைக்கும். அந்த இலையைக் கிள்ளி அழித்தாலே நூற்றுக்கணக்கான குஞ்சுப்புழுக்கள் ஒழியும். இலைகளைச் சேர்த்துப் பிணைத்து உள்ளிருந்து சுரண்டி, வயலே தீய்ந்த மாதிரி தெரிந்தால் அது சுருள்பூச்சி.

வேளாண் அலுவலருக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் தலை, வால் பக்க முதுகு, பக்கவாட்டில் கால்கள், கடித்த இலை என நான்கும் தனித்தனியாக வேண்டும். புழு நகராமல், அதன்மேல் வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்திருக்கிறது. அதை நசுக்காமல் விட்டுவிடுங்கள்.